குப்பைத்தொட்டியில போட்டா ஊழல் ஒழியுமா? உக்ரைனோட பத்து வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வீடியோவில இருந்து ஆரம்பிக்கிறேன்.

2014 செப்டம்பர் 16. உக்ரைன் தலைநகர் கீவ். நாடாளுமன்றத்துக்கு வெளியே பெரிய கூட்டம். கோட்டும் சூட்டும் போட்ட ஒரு எம்.பி. வெளியே வர்றார். பேர் விட்டாலி ஜுராவ்ஸ்கி. நாலஞ்சு பேர் அவரைப் பிடிச்சு, சக்கரம் வச்ச ஒரு பெரிய குப்பைத்தொட்டிக்குள்ள தள்ளுறாங்க. எழுந்திருக்கப் பார்க்கிறார், தலையை அமுக்கித் திரும்ப உட்கார வைக்கிறாங்க. உலகம் முழுக்க அந்த வீடியோ ஓடுச்சு. அந்த வருஷம் ஐஸ் பக்கெட் சேலஞ்ச் டிரெண்டிங்ல இருந்துச்சில்ல, அதைக் கிண்டல் பண்ணி இதுக்கு 'டிராஷ் பக்கெட் சேலஞ்ச்'னு பேர் வச்சாங்க. மத்த ஊர்கள்லயும் அதிகாரிகளைத் தொட்டிக்குள்ள தள்ள ஆரம்பிச்சாங்க.

அப்போ நான் காலேஜ் முடிச்ச புதுசு. அந்த வீடியோவை ஷேர் பண்ணி, "இப்படித்தான் வேணும்"னு எழுதினேன். நூறு லைக்காவது வந்திருக்கும்.

இப்போ நான் அதை ஷேர் பண்ண மாட்டேன். ஊழல்வாதிங்க மேல எனக்குப் பாசம் வந்துடல. அதுக்கப்புறம் உக்ரைன்ல நடந்ததைத் தொடர்ந்து பார்த்தேன், அதான் காரணம். ஒரு கெட்ட ஆட்சி விழுந்த பிறகு, அதுக்கு வேலை பார்த்த அதிகாரிகளை என்ன பண்றது? யாரை வச்சுக்கிறது, யாரை அனுப்புறது, அதை யார் முடிவு பண்றது? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

தண்ணியில மிதந்த ஃபைல்கள்

கொஞ்சம் பின்னாடி போவோம். 2013 நவம்பர். உக்ரைன் அதிபர் விக்டர் யானுகோவிச், ஐரோப்பிய யூனியனோட கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தத்தைக் கடைசி நேரத்துல நிறுத்தி வச்சார். மைதான் சதுக்கத்துல மக்கள் கூடினாங்க. மூணு மாசம் போராட்டம், துப்பாக்கிச்சூடு, நூறு பேர் வரைக்கும் உயிர்ப்பலி. 2014 பிப்ரவரி கடைசியில அதிபர் நாட்டை விட்டே ஓடிட்டார்.

அவர் ஓடின மறுநாள் மக்கள் அவரோட மாளிகைக்குள்ள நடந்து போனாங்க. கீவ் பக்கத்துல மெஜிஹிர்யான்னு ஒரு இடம். ஏறக்குறைய 140 ஹெக்டேர். கோல்ஃப் மைதானம், தனி மிருகக்காட்சி சாலை, அதுல நெருப்புக்கோழி, கப்பல் மாதிரி கட்டின விருந்து மண்டபம். அரசாங்க சம்பளம் வாங்குற ஒரு மனுஷனோட வீடு இது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. கிளம்புற அவசரத்துல அவரோட ஆட்கள் ஃபைல்களைத் தூக்கிப் பக்கத்துல இருந்த தண்ணியில போட்டுட்டுப் போயிருந்தாங்க. டைவர்கள் இறங்கி எடுத்தாங்க. சுமார் 200 ஃபோல்டர். பத்திரிகையாளர்கள் அங்கேயே தங்கி, அந்த மாளிகையோட நீராவிக் குளியல் அறையில ஒவ்வொரு தாளாக் காய வச்சு, ஸ்கேன் பண்ணி, இணையத்துல ஏத்தினாங்க. பில், ரசீது, யாருக்கு எவ்வளவு கொடுத்தாங்கங்கிற கணக்கு.

இந்த ரெண்டு காட்சியையும் மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு குப்பைத்தொட்டி. இன்னொண்ணு, ஈரத் தாளைப் பொறுமையாக் காய வைக்கிறது. உக்ரைன் கதை முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஓடுது.

லஸ்ட்ரேஷன்னா என்ன?

எம்.பி.யைத் தொட்டியில தள்ளின அதே நாள், உள்ளே நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேத்துச்சு. 226 ஓட்டு தேவை, 231 கிடைச்சது. 'ஆட்சியைத் தூய்மைப்படுத்தும் சட்டம்'னு பேர். எல்லாரும் அதை லஸ்ட்ரேஷன் சட்டம்னுதான் சொல்வாங்க. லத்தீன்ல அந்தச் சொல்லுக்குச் சுத்திகரிப்புச் சடங்குன்னு அர்த்தம். நம்ம ஊர்ல புது வீட்டுக்குப் புண்ணியாகவாசனம் பண்ற மாதிரின்னு வச்சுக்கோங்க.

இந்த முறையை உக்ரைன் கண்டுபிடிக்கல. கம்யூனிச ஆட்சி விழுந்ததும் 1991-ல செக்கோஸ்லோவாக்கியா இப்படி ஒரு சட்டம் போட்டுச்சு. பழைய ரகசிய போலீஸோட வேலை பார்த்தவங்க குறிப்பிட்ட அரசுப் பதவிகளுக்கு வரக்கூடாது. 

இதைத் தாறுமாறாப் பண்ணினா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஈராக் உதாரணம். 2003 மே 16. சதாம் ஹுசைன் விழுந்து சில வாரம்தான் ஆகுது. அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் தன்னோட முதல் உத்தரவைப் போடறார். சதாமோட பாத் கட்சியில மேல் நாலு படிநிலையில இருந்த யாருக்கும் அரசு வேலை கிடையாது. ஒரே வாரத்துல அடுத்த உத்தரவு, ராணுவமே கலைப்பு. அந்த ஊர்ல வாத்தியார் பதவி உயர்வுக்கே கட்சி அட்டை தேவைப்பட்ட காலம் அது. கொலை பண்ணினவனும், பிரமோஷனுக்காகக் கையெழுத்துப் போட்டவனும் ஒரே கூடையில விழுந்தாங்க. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தாங்க. துப்பாக்கிப் பயிற்சி எடுத்த லட்சக்கணக்கானவங்க சம்பளம் இல்லாம வீதிக்கு வந்தாங்க. அதுல ஒரு பகுதி பின்னாடி ஆயுதக் குழுக்கள்ல போய்ச் சேர்ந்தது.

அப்போ யாரையும் தொடாம விட்டுடலாமா? அதுவும் முடியாது. நேத்து வரைக்கும் லஞ்சம் வாங்கின அதே போலீஸ், அதே வக்கீல், அதே ஜட்ஜ் இன்னைக்கும் அதே சீட்ல உட்கார்ந்திருந்தா, ஆட்சி எங்கே மாறுச்சு? போர்டு மட்டும்தான் மாறுச்சு. யானுகோவிச் மேல வழக்குப் போடணும்னா யார் போடறது? அவர் நியமிச்ச ஆட்களேவா?

இந்தச் சிக்கல்லதான் உக்ரைன் நின்னுச்சு.

நாற்காலியைப் பார்த்த சட்டம்

அந்தச் சட்டம் எப்படி வேலை செஞ்சதுன்னு எளிமையாச் சொல்றேன். யானுகோவிச் பதவியில இருந்த காலம், அதாவது 2010 பிப்ரவரி 25 முதல் 2014 பிப்ரவரி 22 வரை. இதுல மொத்தமா ஒரு வருஷமாவது குறிப்பிட்ட உயர் பதவிகள்ல இருந்தீங்களா? அப்போ உங்களுக்குப் பத்து வருஷம் அரசுப் பதவி கிடையாது. அவ்வளவுதான். நீங்க என்ன செஞ்சீங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க. நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க, அது போதும்.

இந்தச் சட்டம் பத்து லட்சம் அரசு ஊழியர்களைச் சோதிக்கும்னு அப்போதைய பிரதமர் யாட்சென்யுக் சொன்னார். ஆனா முதல் ரெண்டு வருஷத்துல சட்டப்படி நீக்கப்பட்டவங்க ஆயிரம் பேர்கூட இல்ல. சிலர் தாங்களே ராஜினாமா பண்ணிட்டுப் போனாங்க. சிலர் கோர்ட்டுக்குப் போய்த் திரும்ப வந்தாங்க.

இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. தேர்தல்ல ஜெயிச்சு வர்ற பதவிகளை இந்தச் சட்டம் தொடல. புது அதிபர் பெட்ரோ போரோஷென்கோ இருக்காரே, 2012-ல அவரே யானுகோவிச்சோட பொருளாதார அமைச்சர். எட்டு மாசம் சொச்சம். 'ஒரு வருஷம்'ங்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம். இதுக்காகத்தான் கோட்டை அங்கே போட்டாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரு துறையில ஒண்ணேகால் வருஷம் இருந்த அதிகாரி பத்து வருஷத்துக்கு அவுட், எட்டு மாசம் அமைச்சரா இருந்தவர் அந்தச் சட்டத்துல கையெழுத்துப் போடறார். பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

அப்படிப் பாதிக்கப்பட்ட அஞ்சு பேர் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. அதுல ஒருத்தர் சோவியத் காலத்துல, 1991-க்கு முன்னாடி, கம்யூனிஸ்ட் கட்சியில ஒரு பொறுப்புல இருந்தவர். கால் நூற்றாண்டுக்கு முன்னாடி இருந்த பொறுப்புக்காக வேலை போச்சு. 2019 அக்டோபர் 17-ல தீர்ப்பு வந்துச்சு. உக்ரைன் தோத்தது.

தீர்ப்போட சாரம் இதுதான். ஜனநாயகத்தைக் காப்பாத்த ஒரு நாடு இப்படி நடவடிக்கை எடுக்கலாம், அதுல தப்பில்ல. ஆனா ஒவ்வொருத்தரும் தனிப்பட்ட முறையில என்ன பண்ணாங்கன்னு பார்க்காம, பதவியில தொடர்ந்ததுக்காக மட்டும் பத்து வருஷத் தண்டனை தரக்கூடாது. 

இந்த இடத்துலதான் நான் என் பழைய போஸ்ட்டை நினைச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச எத்தனை பேர் அரசு ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க. மேலே யார் இருந்தாலும் ஃபைலைச் சரியா எழுதிட்டு, வீட்டுக்குப் போற ஆட்கள். நாளைக்கு இங்கே ஒரு அலை அடிச்சா, அந்தக் குப்பைத்தொட்டி அவங்களையும் பார்த்துத்தான் பிரிக்குமா? கூட்டத்துக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

இதுல நஷ்டம் நிரபராதிக்கு மட்டும் இல்ல. விசாரிக்காம நீக்கினா, நிஜத் திருடனும் அதே தீர்ப்பைக் காட்டித் திரும்ப வேலையில உட்காரலாம். போலீஸ்லயும் இதுதான் நடந்துச்சு. 2015 ஜூலையில கீவ் தெருக்கள்ல புத்தம்புது ரோந்து போலீஸ் இறங்குச்சு. எல்லாரும் புதுசாத் தேர்வானவங்க, நிறைய இளைஞர்கள், மக்கள் செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க. ஆனா பழைய போலீஸ்காரங்களுக்கு நடத்தின மறுதேர்வுல நீக்கப்பட்டது பத்துல ஒருத்தர்கூட இல்ல. அதுலயும் கணிசமானவங்க கோர்ட்டுக்குப் போய் வேலையைத் திரும்ப வாங்கிட்டாங்க. காரணத்தை ஒழுங்கா எழுதி வைக்காத முடிவு கோர்ட்ல நிக்காது.

கேள்வியை மாத்தினப்போ

இனிமேதான் கதையில நம்பிக்கை வர்ற பகுதி. 'நீ எங்கே உட்கார்ந்திருந்தே?'ங்கிற கேள்வியை விட்டுட்டு, 'இந்தச் சொத்து உனக்கு எப்படி வந்துச்சு?'ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க.

2016-ல ஆன்லைன் சொத்து அறிக்கை வந்துச்சு. அமைச்சர், எம்.பி., நீதிபதி, உயர் அதிகாரி எல்லாரும் தங்களோட, குடும்பத்தோட சொத்தை இணையத்துல பதிவு பண்ணணும். யார் வேணும்னாலும் படிக்கலாம். கடைசி நாள் அக்டோபர் 30. அந்த வாரம் உக்ரைன்ல யாரும் வேற எதையும் படிச்சிருக்க மாட்டாங்க. கட்டுக்கட்டாப் பணம், ஆடம்பர வாட்ச், ஒயின் பாட்டில் சேகரிப்பு, ஒருத்தர் கணக்குல ஒரு சர்ச், இன்னொருத்தர்கிட்ட விண்வெளிக்குப் போக டிக்கெட்! சராசரி மாத சம்பளம் 200 டாலர் அளவுல இருந்த நாடு அது.

இதுல ஒரு அழகு இருக்கு. பொய் சொன்னா அதுவே குற்றம். உண்மை சொன்னா, எங்கிருந்து வந்துச்சுன்னு விளக்கணும். யார் மேலயும் முத்திரை குத்தல. ஆளைத் தனித்தனியாக் கேட்குது.

கூடவே 2015-ல நாபூன்னு ஒரு அமைப்பு, அதாவது தேசிய ஊழல் தடுப்புப் புலனாய்வுப் பிரிவு, வேலையைத் தொடங்குச்சு. பெரிய மீன்களை மட்டும் பிடிக்கிற வலை. அதுக்குத் தனி வழக்குத்தொடர்வு அலுவலகம். அரசாங்க டெண்டர் எல்லாம் புரோஸோரோங்கிற திறந்த இணையதளத்துக்கு வந்துச்சு. ஆனா பிடிச்ச கேஸ் எல்லாம் பழைய கோர்ட்லயே போய்த் தூங்குச்சு. வேலியே பயிரை மேயுற இடத்துல காவலுக்கு ஆள் போட்டு என்ன பண்றது? அதனால ஊழலுக்குன்னே தனி உயர் நீதிமன்றம் வேணும்னு கேட்டாங்க.

ஆலோசனையும் வீட்டோவும்

இந்தப் பகுதி கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா எபிசோடோட உயிரே இதுலதான் இருக்கு, கூட வாங்க.

2017-ல உக்ரைன் தன்னோட உச்ச நீதிமன்றத்தைப் புதுசா அமைச்சுது. நீதிபதி வேலைக்கு வர்றவங்களோட நேர்மையைப் பார்க்க, குடிமக்கள் தரப்புல 20 பேர் கொண்ட ஒரு குழு. வக்கீல்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள். அவங்க சொத்து, தீர்ப்பு, குடும்பம் எல்லாம் தோண்டிப் பார்த்து, "இவர் வேண்டாம்"னு கருத்து எழுதுவாங்க. ஆனா அது கருத்து மட்டும்தான். தேர்வு ஆணையம், 16-க்கு 11 ஓட்டு போட்டா அதை ஒதுக்கிடலாம். ஒதுக்கினாங்க. குழு வேண்டாம்னு சொன்னவங்கள்ல இருபதுக்கும் மேற்பட்டவங்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனாங்க.

ஊழல் தடுப்பு நீதிமன்றத்துக்கு ஆள் எடுக்கும்போது விதியை மாத்தினாங்க. கடன் கொடுக்கிற சர்வதேச நிதியமும், உள்ளூர் அமைப்புகளும் கொடுத்த அழுத்தம். இந்த முறை வெளிநாட்டு நிபுணர்கள் ஆறு பேர், தலைவர் பிரிட்டிஷ் முன்னாள் நீதிபதி ஆந்தனி ஹூப்பர். ஒரு வேட்பாளர் மேல மூணு நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்தா, அவரை எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கணும். அதுக்கப்புறமும் நிபுணர்கள்ல பாதிப்பேராவது ஒத்துக்கலைன்னா, அவர் வெளியே. அதாவது இவங்க கையில இருந்தது வீட்டோ.

அந்தக் கேள்வி நேரங்கள் நேரலையா ஓடுச்சு. 'இந்த வீட்டை உங்க மாமியார் வாங்கினதா எழுதியிருக்கீங்க. அவங்க வருமானம் இவ்வளவுதான். எப்படி வாங்கினாங்க?' இந்த மாதிரியான கேள்விகள். பதில் இருந்தா நீங்க உள்ளே. ஏழு பேர் பதில் சொல்லித் தப்பிச்சாங்க. 42 பேர் வெளியே போனாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல இருந்து 38 நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தாங்க. 2019 செப்டம்பர் 5-ல நீதிமன்றம் திறந்தது.

அதே நாடு, கிட்டத்தட்ட அதே வேட்பாளர் கூட்டம். ஒரு இடத்துல சோதிக்கிறவங்களுக்குப் பேச உரிமை மட்டும். இன்னொரு இடத்துல நிறுத்தவும் உரிமை. முடிவு எவ்வளவு மாறுது பாருங்க. 2023 மே மாசம், அந்த உச்ச நீதிமன்றத்தோட தலைவரையே லஞ்சக் குற்றச்சாட்டுல நாபூ கைது பண்ணுச்சு. அவரைக் காவல்ல வைக்க உத்தரவு போட்டது இந்த ஊழல் தடுப்பு நீதிமன்றம்.

திரும்பத் திரும்பக் காக்க வேண்டியது

'சூப்பர், பிரச்சனை தீர்ந்துச்சு'ன்னு நினைச்சுடாதீங்க. 2020 அக்டோபர்ல உக்ரைன் அரசியல் சாசன நீதிமன்றம், சொத்து அறிக்கையில பொய் சொன்னா குற்றம்ங்கிற பிரிவையே ரத்து பண்ணுச்சு. தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் சிலரோட சொத்து அறிக்கை மேலேயே அப்போ கேள்வி இருந்துச்சுங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டு வந்துச்சு. 

2022-ல ரஷ்யப் படையெடுப்பு. போர்க் காரணத்தால அறிக்கைகளை மூடினாங்க. அடுத்த வருஷம், இன்னும் ஒரு வருஷம் மூடியே வைப்போம்னு எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டாங்க. உடனே ஒரு ஆன்லைன் மனு, 80,000 கையெழுத்துக்கும் மேல. அதிபர் ஜெலென்ஸ்கி அந்தச் சட்டத்தைத் திருப்பி அனுப்பினார். 

2025 ஜூலை 22. அதே ஜெலென்ஸ்கி, நாபூவோட சுதந்திரத்தைப் பறிக்கிற ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். போர் நடக்குது, கூட்டம் கூடத் தடை இருக்கு. ஆனா அன்னைக்கு ராத்திரியே பசங்க தெருவுக்கு வந்தாங்க. பெரும்பாலும் இருபது வயசு சொச்சம். மைதான் நடந்தப்போ ஸ்கூல்ல படிச்சவங்க. கையில பீட்சா டப்பா, அட்டைப்பெட்டி கிழிச்சு எழுதின வாசகம். யாரையும் குப்பைத்தொட்டியில தள்ளல. ஒரு சட்டத்தோட எண்ணைச் சொல்லி, அதைத் திரும்பப் பெறுன்னு கேட்டாங்க. ஒன்பதே நாள். ஜூலை 31-ல நாடாளுமன்றம் பழைய நிலையைத் திரும்பக் கொண்டு வந்துச்சு.

அதனால என்ன ஆச்சுன்னு கேட்டா, அதே வருஷம் நவம்பர்ல நாபூ எரிசக்தித் துறையில சுமார் 10 கோடி டாலர் கமிஷன்னு ஒரு வழக்கை வெளியே கொண்டு வந்துச்சு. ரெண்டு அமைச்சர்கள் பதவி போச்சு. அதிபரோட வலது கையா இருந்த ஆண்ட்ரி யெர்மாக் வீட்ல சோதனை நடந்துச்சு, அன்னைக்கே அவர் ராஜினாமா. குற்றச்சாட்டுகளைக் கோர்ட்தான் தீர்மானிக்கணும். ஆனா ஜூலையில அந்தப் பசங்க வீட்லயே இருந்திருந்தா, இந்த வழக்கு வெளியே வந்திருக்குமா?

முடிக்கிறதுக்கு முன்னாடி

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் போடற ஊழல் பட்டியல்ல, 2013-ல உக்ரைனுக்கு 100-க்கு 25 மார்க். 2023-ல 36. பத்து வருஷத்துல பதினொரு மார்க். பாஸ் மார்க்குனு சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு மார்க்குக்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஃபைல் படிச்சிருக்காங்க.

அடுத்த தடவை எங்கேயாவது ஒரு ஆட்சி விழுந்து, 'எல்லாரையும் தூக்குவோம்'னு யாராவது சொன்னா, மூணு விஷயம் கேளுங்க. ஆளோட பதவியைப் பார்க்கிறீங்களா, செஞ்ச காரியத்தைப் பார்க்கிறீங்களா? சோதிக்கிறவங்களுக்கு நிறுத்துற அதிகாரம் இருக்கா, இல்ல வெறும் ஆலோசனையா? சோதனை போடற ஆட்சியும் அதே சோதனைக்குள்ள வருதா?

2014-ல நான் குப்பைத்தொட்டி வீடியோவை ஷேர் பண்ணினேன். அந்த வருஷமே, ஈரத் தாளை ஒவ்வொண்ணாக் காய வச்ச ஆட்களோட வீடியோவும் இருந்துச்சு. அதை நான் பார்க்கக்கூட இல்ல. ரெண்டையும் தேடிப் பாருங்க. எதை ஷேர் பண்ணுவீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.